கேள்வி பதில்: ஆல்பன் பெர்கின் ஏழு தொடக்ககாலப் பாடல்கள்

கேள்வி: ஆஸ்திரிய இசையமைப்பாளர் பெர்கின் இந்தப் பாடல்கள் பன்னிரு சுர முறையில் அமைந்தவையா?

பதில்: இல்லை. 1905 முதல் 1908 வரை, இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கிடம் பாடம் கேட்டுக்கொண்டிருந்த இளைஞராக பெர்க் எழுதியவை. பன்னிரு சுரங்களையும் ஒரு நிர்ணயித்த வரிசையில் சமமாகக் கையாளும் அந்த முறையை ஷோன்பெர்க் வகுத்தது 1920களில்.

கேள்வி: முதல் பாடலான ‘இரவு’ ஏன் பிடி கிடைக்காமல் மிதக்கிறது?

பதில்: நல்ல கேள்வி. கார்ல் ஹாப்ட்மானின் கவிதையில் பள்ளத்தாக்கை மூடுபனி மறைத்திருக்கிறது. பெர்க் அங்கே முழுத்தொனி அளவுகோலைக் கையாள்கிறார். அதில் சுரங்களுக்கிடையே எல்லா இடைவெளியும் சமம் என்பதால் எந்தச் சுரம் வீடு, அதாவது ஆதாரம், என்று காதுக்குப் புலப்படாது. திரை விலகி அதிசய நாடு தெரியும் வரியில் ‘ஏ’ சுரத்தை ஆதாரமாகக் கொண்ட ஏ மேஜர் தெளிவாக ஒலிக்கிறது. கவிதையைக் கையில் வைத்துக்கொள்ளாமல் கேட்டால் இந்த இடம் வீணாகிவிடும்.

கேள்வி: அப்படியானால் அந்த முழுத்தொனி அளவுகோல் நம் கர்நாடக இசையின் கோப்ரியா ராகம்தானே?

பதில்: சுரங்கள் அவையே. ஆனால் கோப்ரியாவில் ஷட்ஜம் அசையாது. இங்கே ஆதாரம் மறைவதே நோக்கம்.

கேள்வி: 1913இல் வியன்னாவில் ஒரு கச்சேரியில் கலவரம் மூண்டது இவற்றாலா?

பதில்: அது பெர்கின் ஆல்டன்பெர்க் பாடல்கள். வேறு தொகுப்பு.

கேள்வி: பன்னிரு சுர வரிசை எந்தப் பாடலில் வருகிறது?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். அந்த முறையில் பெர்க் பாட்டுதான் வேண்டுமென்றால், ஜெர்மன் கவிஞர் ஷ்டோர்மின் கவிதை ஒன்றுக்கு 1925இல் அவர் இரண்டாம் முறை அமைத்த இசையைத் தேடுங்கள்.

கேள்வி: பியானோ வடிவமே உண்மையானது. 1928இன் ஆர்கெஸ்ட்ரா வடிவம், ‘வோட்செக்’ என்ற ஆபராவை எழுதி முடித்தவர் தன் இளமைக்குப் பூசிய வண்ணம். சரிதானே?

பதில்: பாதி சரி. 1928இல் அவர் பியானோ வடிவத்தையும் திருத்தித்தான் வெளியிட்டார். நீங்கள் கேட்பதும் கலப்படமற்ற இளமை அல்ல. மேலும் அது பூச்சு அல்ல, கட்டுமானம். முதலும் கடைசியும் முழு ஆர்கெஸ்ட்ராவுக்கு, மூன்றாவதான ‘இராப்பாடி’ (நைட்டிங்கேல்) தந்திக் கருவிகளுக்கு மட்டும், ஐந்தாவதில் காற்றுக் கருவிகள். தனித்தனியாகப் பிறந்தவற்றை இந்த அமைப்பு ஒரு தொகுப்பாக்குகிறது.

மறுகேள்வி: ஆர்கெஸ்ட்ராவில் சொற்கள் மூழ்கிவிடுகின்றனவே?

பதில்: மோசமான ஒலிப்பதிவில் மூழ்கும். ‘இராப்பாடி’யில் மூழ்காது. கவிதையைப் படித்துவிட்டு வந்தீர்களா?

மறுகேள்வி: படித்தேன். நான்காவது பாடலான, கவிஞர் ரில்கேயின் ‘கனவின் மகுடம்’ பியானோவில்தான் மூச்சு விடுகிறது.

பதில்: அந்த ஒன்றில் உங்களோடு சண்டையில்லை. அங்கே பியானோவின் உள்குரல்கள் பாடகியோடு சரிசமமாகப் பேசுகின்றன. ஆர்கெஸ்ட்ராவில் அந்த நெருக்கம் குறைகிறது.

கேள்வி: இவை பன்னிரு சுர...

பதில்: அடுத்தவர்.