செடியிலிருந்து எடுத்த பாலிசாக்கரைடு பவுடர் இருந்தால் பிபி மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கேள்வி இது: "அப்பாவுக்கு 62 வயது. நாலு வருஷமாக அம்லோடிபின் 5 மி.கி. போட்டுக்கொள்கிறார். தாவரப் பாலிசாக்கரைடு ரத்தக் கொதிப்பைக் குறைப்பதாக ஆராய்ச்சியிலேயே நிரூபித்துவிட்டார்கள் என்று சொல்லி யாரோ ஒரு பவுடர் டப்பாவைக் கொடுத்திருக்கிறார்கள். மாத்திரையை விட்டுவிட்டு இதற்கு மாறிவிடலாமா என்கிறார். என்ன சொல்வது?"

நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் டாக்டர் இல்லை. ஆனால் செடிகளிலிருந்து இதே பாலிசாக்கரைடைப் பிரித்தெடுக்கும் ஆய்வுக்கூடத்தில் ஆறு வருஷம் கை நனைத்தவன். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் ஒரு வேடிக்கை. அப்பாவின் மாத்திரையோடு வரும் தாளை எடுத்து, மருந்து தவிர வேறு என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று பாருங்கள். மைக்ரோகிரிஸ்டலைன் செல்லுலோஸ் என்று இருக்க நிறைய வாய்ப்புண்டு. செல்லுலோஸ் அசல் தாவரப் பாலிசாக்கரைடு, மரக்கூழிலிருந்து வருவது. ஐந்து மில்லிகிராம் மருந்தைத் தனியாகக் கையில் வைத்தால் ஊதினாலே பறந்துவிடும். அதற்கு உடம்பு கொடுத்து மாத்திரையாக நிற்க வைப்பது இந்தச் செல்லுலோஸ்தான். ஆக, அப்பா நாலு வருஷமாகத் தினமும் தாவரப் பாலிசாக்கரைடு விழுங்கிக்கொண்டுதான் இருக்கிறார். அது சும்மா கிடக்கும், வேறு வேலை எதுவும் செய்யாது என்பதால்தான் அதைச் சேர்க்கிறார்கள்.

பாலிசாக்கரைடு என்பது ஆளின் பெயர் இல்லை, குலத்தின் பெயர். சர்க்கரை மூலக்கூறுகள் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் சங்கிலியாகக் கோத்திருந்தால் பாலிசாக்கரைடு. மாவுச்சத்தும் அதுதான், பெக்டினும் அதுதான், ஓட்ஸில் இருக்கும் பீட்டா குளுக்கானும் அதுதான், இசப்கோல் உமியின் கொழகொழப்பும் அதுதான். எந்தச் செடி, எந்த வகை என்று டப்பாவில் போடாமல் வெறுமனே 'தாவரப் பாலிசாக்கரைடு' என்று போட்டிருந்தால், அதற்கும் 'ஏதோ ஒரு பொடி' என்பதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

அடுத்தது மூலக்கூறின் பருமன். கேப்டோபிரில் என்ற பிபி மருந்தின் மூலக்கூறு எடை 217. நாங்கள் எடுத்த பாலிசாக்கரைடுகளுக்கு அது பத்தாயிரங்களில் தொடங்கி லட்சங்களுக்குப் போகும். அப்படி ஒன்று குடல் சுவரைத் தாண்டி முழுசாக ரத்தத்தில் கலந்து, ரத்தக் குழாயைப் போய்த் தளர்த்துவது அநேகமாக நடக்காத காரியம். மாவுச்சத்தாக இருந்தால் குளுக்கோஸாக உடைந்து உள்ளே போகும், மற்றவை பெரும்பாலும் பெருங்குடல் வரை அப்படியே போய்ச் சேரும்.

பிறகு எப்படி 'நிரூபித்தார்கள்'? இங்கேதான் என் சொந்தக் கதை வருகிறது.

காய்ந்த இலைப்பொடியை மணிக்கணக்கில் வெந்நீரில் கொதிக்க வைப்போம். வடிகட்டி, வற்றவைத்து, அதைப் போல நாலு மடங்கு ஆல்கஹாலை ஊற்றுவோம். ஊற்றியதும் கரைசலுக்குள் நூல் நூலாகத் திரிந்து இறங்கும். முதல் தடவை பார்க்கிறவர்கள் வாய் பிளப்பார்கள், நானும் பிளந்தேன். ராத்திரி முழுக்கக் குளிரில் வைத்துச் சுழற்றி எடுத்தால் மென்று துப்பிய சூயிங்கம் மாதிரி அடியில் நிற்கும். உறையவைத்து உலர்த்தினால் பஞ்சு. என் பஞ்சு மட்டும் வெள்ளையாக வரவில்லை, இளம் பழுப்பாக வந்தது.

ரத்தக் குழாயைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சினை உருவாக்கும் ஏஸ் என்ற நொதி இருக்கிறது. கேப்டோபிரில் தடுப்பது அதைத்தான். என் பழுப்புப் பஞ்சைச் சோதனைக் குழாயில் அந்த நொதியோடு சேர்த்தேன், பாதிக்கு மேல் முடங்கிவிட்டது. ஒரு வாரம் தரையில் கால் படவில்லை. எங்கள் பேராசிரியர் பஞ்சைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நிறத்தை எடுத்துவிட்டு வா" என்றார், அவ்வளவுதான். நிறத்தை உறிஞ்சும் பிசின் நிரப்பிய குழாய் வழியாக விட்டு, சின்ன மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் டயாலிசிஸ் பையில் மூன்று நாள் கட்டிப்போட்டு, மறுபடி உலர்த்தினேன். பால் வெள்ளை. நொதியோடு சேர்த்தேன். அது பாட்டுக்கு வேலை செய்துகொண்டே இருந்தது. அத்தனை நாள் நொதியை முடக்கியது பாலிசாக்கரைடே இல்லை, கூட ஒட்டிக்கொண்டு வந்த டானின் வகையறா, அதாவது இலையின் துவர்ப்புச் சத்து. டானின் எந்தப் புரதத்தைக் கண்டாலும் போய் ஒட்டும். போதாததற்கு ஏஸ் நொதியின் நடுவில் ஒரு துத்தநாக அயனி உட்கார்ந்திருக்கிறது. அதைப் பிடித்து இழுக்கும் எதுவும் நொதியை நிறுத்திவிடும். குழாயில் நடக்கும் இந்தக் கூத்துக்கும் அப்பாவின் ரத்த அழுத்தத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அந்தப் பழுப்பு நிலையிலேயே நின்றுவிட்ட கட்டுரைகள் இந்தத் துறையில் நிறைய. இப்போதும் ஒரு கட்டுரையைத் திறந்தால் முடிவுரைக்குப் போக மாட்டேன். புரதம் எவ்வளவு மிச்சம், பாலிஃபீனால் (டானினும் இந்தக் குலம்தான்) எவ்வளவு மிச்சம் என்று அளந்திருக்கிறார்களா என்றுதான் முதலில் தேடுவேன்.

எலிச் சோதனைகளும் உண்டு. 1963-இல் ஜப்பானின் கியோட்டோவில் ஒகமோட்டோ, ஆவோகி இருவரும் பிறவியிலேயே பிபி ஏறும் எலி வம்சம் ஒன்றை உருவாக்கினார்கள், உலகம் முழுக்க அதில்தான் சோதிக்கிறார்கள். எலியைக் குறுகலான குழாய்க்குள் விட்டு, வெதுவெதுப்பாக வைத்து, வாலில் பட்டை மாட்டி அளக்க வேண்டும். புது எலி பயத்தில் துடிக்கும், அளவு எகிறும். பழகப் பழகத் தானாகவே இறங்கும். பவுடர் கொடுக்காத எலிகளையும் பக்கத்திலேயே வைத்து அளக்காவிட்டால், அந்த இறக்கத்துக்கெல்லாம் பவுடர் மாலை போட்டுக்கொள்ளும்.

அப்போது எல்லாமே பொய்யா என்றால், இல்லை. உண்மையான விஷயம் பெருங்குடலில் இருக்கிறது. நமக்குச் செரிக்காத நாரை அங்குள்ள பாக்டீரியாக்கள் நொதிக்க வைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற சின்ன அமிலங்களாக்கும். இவை ரத்தத்துக்குள் போகும். ரத்தக் குழாயிலும் சிறுநீரகத்திலும் இவற்றை உணரும் ஏற்பிகள் இருப்பதை 2013-இல் எலிகளில் காட்டினார்கள். ஒன்று அழுத்தத்தை ஏற்றுகிறது, இன்னொன்று இறக்குகிறது.

மனிதர்களில் பலன் எவ்வளவு? கொழகொழப்பான நார்ச்சத்தை வைத்துச் செய்த 22 சோதனைகளை 2018-இல் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தார்கள். மேல் அளவு சராசரியாக 1.6 புள்ளி இறங்கியது, இசப்கோலுக்கு மட்டும் சுமார் 2.4. 150 இருந்தால் 148 என்று வைத்துக்கொள்ளுங்கள். 2023-இல் ஆஸ்திரேலியாவில் வந்த ஒரு சோதனைதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. அசிட்டேட்டும் பியூட்டிரேட்டும் இணைத்த சோள மாவுச்சத்தை மூன்று வாரம் கொடுத்ததில் 24 மணி நேர மேல் அளவு 6.1 புள்ளி குறைந்தது. நல்ல எண். ஆனால் பங்கேற்றவர்கள் 20 பேர், எல்லோரும் மாத்திரை எடுக்காதவர்கள், அளவு தினம் 40 கிராம். உங்கள் டப்பாவில் ஒரு வேளைக்கு எத்தனை கிராம் போட்டிருக்கிறது?

செடியிலிருந்து பிபி மருந்தே வராது என்று நான் சொல்லவில்லை. சர்ப்பகந்தா வேரால் பிபி இறங்குவதை டாக்டர் ருஸ்தம் வக்கீல் 1949-இல் எழுதினார், 1952-இல் அதிலிருந்து ரெசர்பின் என்ற பிபி மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். அது ஆல்கலாய்டு, சின்ன மூலக்கூறு. அதே செடி உலகத்தில்தான் அதிமதுரமும் இருக்கிறது, தொடர்ந்து அதிகமாகச் சாப்பிட்டால் பிபியை ஏற்றிவிடும். பவுடரில் வேறென்ன மூலிகை கலந்திருக்கிறது என்று பார்க்கச் சொல்வது அதனால்தான்.

அப்பாவுக்கு ஆசையாக இருந்தால், டாக்டரிடம் டப்பாவைக் காட்டிவிட்டு மாத்திரையோடு சேர்த்தே எடுக்கட்டும். கொழகொழப்பான நார் மற்ற மருந்துகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் நடுவில் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

கடைசியாக ஒன்று, பலரும் ஏமாறும் இடம். அம்லோடிபின் உடம்பில் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் பிடிக்கும். மாத்திரையை நிறுத்திவிட்டுப் பவுடர் குடித்தால் இரண்டாம் நாளும் மெஷின் நல்ல எண்ணையே காட்டும். "பார்த்தாயா, பவுடர் வேலை செய்கிறது" என்பார் அப்பா. அது போன வாரம் விழுங்கிய மாத்திரை.