கோங்க்: இரண்டு மணி நேரம் போதுமா?

கேள்வி: தென் பிரான்சின் அவெரோன் பகுதியில் உள்ள கோங்க் என்ற சிற்றூருக்குப் போக எண்ணம். ஒரே ஒரு பழைய தேவாலயம்தானே, இரண்டு மணி நேரம் போதுமா?
– வாசகி, பாரிஸ்

பதில்: போதாது. ஓர் இரவு தங்குங்கள். கிறிஸ்தவ நம்பிக்கைக்காக உயிர்துறந்த சிறுமி புனித ஃபுவாவின் பெயரிலான அந்தத் தேவாலயத்தின் முகப்பு மேற்குப் பார்த்தது. காலையில் போனால் வாசலுக்கு மேலே இருக்கும் 12-ஆம் நூற்றாண்டு இறுதித் தீர்ப்புச் சிற்பம் (உலக முடிவில் கிறிஸ்து எல்லோருக்கும் தீர்ப்பளிக்கும் காட்சி) நிழலில் கிடக்கும். பிற்பகல் வெயில் நேராக விழும்போதுதான் அதிலுள்ள 124 உருவங்களும் துலங்கும், பழைய வண்ணப்பூச்சின் மிச்சமும் கண்ணில் படும். பைனாகுலர் அவசியம் கொண்டுபோங்கள். நமக்கு வலப்பக்கம் நரகம்: கழுத்தில் பணப்பையோடு தூக்கில் தொங்குகிறான் ஒரு கருமி. இடப்பக்கம் இறைவனின் கைக்கு முன் குனிந்து மன்றாடுகிறாள் ஃபுவா. அவள் பின்னால் தொங்குபவை, அவளை வேண்டி விடுதலையான கைதிகள் காணிக்கையாகத் தந்த விலங்குச் சங்கிலிகள். வளைவின் விளிம்பையும் விட்டுவிடாதீர்கள், அங்கிருந்து சின்னச் சின்ன முகங்கள் எட்டிப் பார்க்கின்றன.

கேள்வி: மலைச்சரிவில் ஒதுங்கிய ஊருக்கு இவ்வளவு பெரிய கோவில் எப்படி வந்தது?
– வாசகர், லியோன்

பதில்: திருட்டால் வந்தது. ஃபுவாவின் எலும்புகள் அஜான் நகரில் இருந்தன. 9-ஆம் நூற்றாண்டில் கோங்க் துறவி ஒருவர் அவற்றை எடுத்துவந்துவிட்டார். அதன்பின் யாத்திரிகர் கூட்டம் பெருகியது. லெ புய் நகரிலிருந்து ஸ்பெயினின் யாத்திரைத் தலமான சந்தியாகோவுக்கு நடப்பவர்கள் இன்றும் இவ்வழியே போகிறார்கள். எலும்புகளை வைக்கச் செய்த சிலை கோவில் கருவூலத்தில் இருக்கிறது. சுமார் 85 செ.மீ. உயரம், மரத்தின் மேல் பொன்தகடு, நிறைய மணிக்கற்கள். தலை மட்டும் அதைவிடப் பழையது, பிற்கால ரோமானிய வேலை. பிரெஞ்சுப் புரட்சியின்போது பல ஊர்களின் கோவில் பொன் உருக்கப்பட்டது. இங்கே ஊர்மக்களே பொக்கிஷத்தை ஒளித்துவைத்துக் காப்பாற்றினார்கள். கட்டடம் மட்டும் சிதைந்து கிடந்தது. 1837-இல் வந்த நினைவுச்சின்ன ஆய்வாளர் ப்ரொஸ்பெர் மெரிமே எழுப்பிய குரலால்தான் அது பிழைத்தது.

கேள்வி: சன்னல்களில் வண்ணக் கண்ணாடியே இல்லையாமே?
– வாசகர், துலூஸ்

பதில்: இல்லை, வேண்டுமென்றேதான். அருகிலுள்ள ரொடேஸ் நகரில் பிறந்த ஓவியர் பியேர் சூலாஜ் 1994-இல் முடித்த 104 சன்னல்கள் அவை. கண்ணாடி நிறமற்றது, ஆனால் வெளிக்காட்சி தெரியாது. உள்ளே ஒளி மட்டும் பரவும், கல்லின் நிறம் கெடாது. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

வழி: கோங்கில் ரயில் நிலையம் கிடையாது. பாரிஸிலிருந்து இரவு ரயிலில் ரொடேஸ், அங்கிருந்து சுமார் 40 கி.மீ. காரில். வண்டியை ஊருக்கு வெளியே நிறுத்த வேண்டும். தெருக்கள் கல் பாவிய செங்குத்துச் சரிவு. மழையில் வழுக்கும், பிடிப்புள்ள காலணி போடுங்கள்.