பாப்பா கணக்கில் எழுதாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு இது 28-ஆவது வாரம். மூத்தவனுக்கு 2 வயது 4 மாதம், 12 கிலோ இருக்கிறான். எதற்கெடுத்தாலும் "தூக்கு" என்று கையை நீட்டுகிறான். தூக்கினால் பின் இடுப்பும் அடிவயிறும் இழுத்துப் பிடிக்கிறது. தூக்காவிட்டால் தரையில் விழுந்து புரள்கிறான். "வயித்துல பாப்பா இருக்கு, அம்மா தூக்கக் கூடாது" என்று சொல்லிப் பார்த்தேன். நேற்று "பாப்பா வேணாம்" என்று என் வயிற்றில் ஓங்கி அடித்துவிட்டான். தூங்குவதற்கு இன்னமும் தாய்ப்பால் வேண்டும் அவனுக்கு. உடனே நிறுத்து என்கிறார்கள் வீட்டில். படுப்பதும் என்னோடுதான், கால் என் வயிற்றின்மேல். டயப்பரும் விடவில்லை. பிரசவ நேரத்தில் மாமியார் வந்து அவனைப் பார்த்துக்கொள்வார். மிச்சமிருப்பது 12 வாரம். எதை முதலில் செய்வது? மடியே இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது எனக்கு.

ம.

அன்புள்ள ம.,

முதலில் அந்த அடி. இந்த வயதுப் பிள்ளை கையை வீசியோ காலை உதைத்தோ கருவுக்குச் சேதம் வராது. கருப்பையின் தசைச் சுவரும் உள்ளே இருக்கும் பனிக்குட நீரும் அதைத் தாங்கிக்கொள்ளும். கட்டிலிலிருந்து நேராக வயிற்றின்மேல் குதித்துவிட்டான், அவனைத் தூக்கப் போய் நீங்களே விழுந்துவிட்டீர்கள் என்றால் அது வேறு. அப்போது ஒன்றும் தெரியாவிட்டாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். வயிறு விடாமல் இறுகுவது, இரத்தம், நீர்க்கசிவு, குழந்தையின் அசைவு குறைவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அந்த அடி எங்கிருந்து வந்தது என்பது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. "பாப்பா இருக்கு, தூக்கக் கூடாது." அவன் பக்கத்திலிருந்து யோசியுங்கள். இன்னும் கண்ணிலேயே படாத ஒரு ஆள், அதற்குள் அம்மாவின் இடுப்பைப் பிடுங்கிக்கொண்டது. இனி பாலும் படுக்கையும் போனால் அவையும் அதே கணக்கில்தான் ஏறும். நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் என்னிடம் உள்ள பதில் ஒன்றுதான்: மாற்ற வேண்டியதைப் பாப்பா வருவதற்கு வெகுமுன்பே மாற்றுங்கள், பாப்பா பெயரைச் சொல்லாமல் மாற்றுங்கள். "அம்மாவுக்கு இடுப்பு வலிக்குது" என்றால் போதும். அது உண்மையும்கூட.

தூக்குவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சிக்கலில்லாத கர்ப்பத்தில் பிள்ளையைத் தூக்கவே கூடாது என்று பொதுவான தடை எதுவும் இல்லை. இரத்தக்கசிவு, நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பது, குறைமாதப் பிரசவ ஆபத்து என்று மருத்துவர் சொல்லியிருந்தால்தான் தடை. உங்களுக்கு இழுப்பதன் காரணம் வேறு. கர்ப்பத்தில் இடுப்பு எலும்புகளை இணைக்கும் தசைநார்கள் தளர்கின்றன. வயிறு முன்னே தள்ளுவதால் அவனை உடம்போடு ஒட்டிப் பிடிக்க முடிவதில்லை. 12 கிலோவை உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளிப் பிடிக்கிறீர்களோ, முதுகுக்கு அவ்வளவு கூடுதல் பாரம். இதில் மோசமானது ஒரு பக்க இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பது. கால் மாற்றும்போதும் படி ஏறும்போதும் அடிவயிற்றுக்குக் கீழே சுருக்கென்று குத்தினால் அந்தப் பழக்கத்தை இன்றோடு விடுங்கள்.

ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவனை எங்கெல்லாம் தூக்குகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். அழுகைக்காகத் தூக்குவது அதில் பாதிகூட இருக்காது. கட்டிலில் ஏற்ற, கை கழுவ, நாற்காலியில் உட்கார வைக்க, டயப்பர் மாற்ற என்று பழக்கத்தில் தூக்குவதுதான் மிச்சம். இவை எல்லாவற்றுக்கும் ஒரு படிக்கட்டை வாங்கியோ செய்தோ போட்டுவிடலாம். ஒன்றரை அடி அகலம், அரை அடி உயரம், அடியில் வழுக்காத ரப்பர். கை கழுவும் இடத்தில் ஒன்று, கட்டிலோரம் ஒன்று. டயப்பரை நிற்க வைத்தே மாற்றலாம், இழுத்து மாட்டும் வகையாக இருந்தால் இன்னும் சுலபம். குளிப்பாட்டும்போது குனிந்து நிற்காமல் ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாமல் வாரத்துக்கு ஒன்றாக. "நீயே ஏறு பாப்போம்" என்பது இந்த வயதுக்குச் சவால் மாதிரி. பெரும்பாலும் சந்தோஷமாக ஏறிவிடுவான்.

மிச்சம் நிற்பது அழுகைக்கான தூக்கு. அதை மறுக்காதீர்கள், இடம் மாற்றுங்கள். அவன் கை நீட்டியதும் நீங்கள் உட்கார்ந்துவிட்டு நீங்களும் கை நீட்டுங்கள். அவனே ஏறி வருவான். முதல் சில நாள் "நின்னு தூக்கு" என்று கத்துவான். உட்கார்ந்தபடியே கையை நீட்டி வைத்திருங்கள், நியாயம் பேச வேண்டாம். இதை இப்போதே பழக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. சிசேரியன் ஆகிவிட்டால் பிறந்த குழந்தையைவிடக் கனமான எதையும் சுமார் 6 வாரம் தூக்காதே என்பார்கள். மடியேறப் பழகிய பிள்ளைக்கு அந்த 6 வாரத்தில் இழப்பு எதுவும் இல்லை.

தூக்கியே ஆக வேண்டிய நேரமும் வரும். அப்போது தரையிலிருந்து தூக்காதீர்கள், அவனை ஒரு படியிலோ நாற்காலியிலோ ஏறி நிற்கச் சொல்லுங்கள். ஒரு காலைச் சற்று முன்னே வைத்து, முட்டியை மடக்கி, அவனை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, மூச்சை வெளியே விட்டபடி எழுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினால் அடிவயிறு இன்னும் இழுக்கும். தூக்கியபின் இடுப்பைத் திருகாமல் காலால் திரும்புங்கள்.

அடுத்தது பால். "உடனே நிறுத்து" என்று சொல்வதற்கு, சிக்கலில்லாத கர்ப்பத்தில், மருத்துவக் காரணம் கிடையாது. பால் குடிக்கும்போது கருப்பை லேசாக இறுகும், விட்டதும் தளரும். முந்தைய குறைமாதப் பிரசவம், இந்தக் கர்ப்பத்தில் இரத்தக்கசிவு, இரட்டைக் குழந்தைகள் என்றால் மட்டும் மருத்துவரைக் கேட்டு முடிவெடுங்கள். பாலே இதற்குள் மாறியிருக்கும். ஏறக்குறைய 4, 5-ஆம் மாதத்தில் அளவு குறைந்து சீம்பாலாகிவிடும், சுவையும் உப்புக் கரிக்கும். பல பிள்ளைகள் அப்போது தாமாகவே விட்டுவிடுகிறார்கள். உங்கள் மகன் விடவில்லை என்றால் அவனுக்கு அது பாலைவிடத் தூக்கத்துக்கான வழி. காம்பு எரிந்தால், அதுவும் பெரும்பாலும் அவன் சரியாகப் பிடிக்காததால் அல்ல, ஹார்மோன்களின் வேலை.

நிறுத்துவதா தொடர்வதா என்பது உங்கள் இஷ்டம். தொடர்ந்தால், பிறந்தபின் முதல் நாட்களில் சின்னதற்கே முதல் உரிமை. பெரியவன் அதற்கு அப்புறம். சீம்பால் லேசாகப் பேதியாக்கும் குணமுடையது, பெரியவனுக்குக் கொஞ்சம் இளகிப் போனால் பயப்பட வேண்டாம். நிறுத்துவதென்றால் இப்போது தொடங்கி 34-ஆவது வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். அதற்குப் பின் தொடங்குவதைவிடத் தொடங்காமலே இருப்பது மேல் என்பது என் கருத்து; பால் போன துக்கம் ஆறுவதற்குள் அந்த இடத்தில் இன்னொருவர் வந்து படுத்துவிடுவார். பகல் வேளைகளில் தொடங்கி, 5 நாளைக்கு ஒன்றாகக் குறையுங்கள். நீங்களாகக் கொடுக்க வேண்டாம், கேட்டால் தட்டவும் வேண்டாம். தூக்கப் பாலைக் கடைசியாக வையுங்கள். "பத்து எண்ணுற வரைக்கும்" என்று ஒப்பந்தம் போட்டு, மெதுவாக எண்ணத் தொடங்கி ஒவ்வொரு நாளும் சற்று வேகமாக எண்ணுங்கள். காம்பில் கசப்பு தடவுவது வேண்டாம்.

கடைசியில் அவனைத் தூங்க வைக்கும் வேலையை அப்பா எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் நீங்கள் அடுத்த அறையில்கூட இருக்க வேண்டாம், முடிந்தால் வெளியே நடந்துவிட்டு வாருங்கள். அப்பா விளக்கை அணைத்து, அவனை மேலே சாய்த்துக்கொண்டு, ஒரே பாட்டையோ ஒரே கதையையோ தினமும் சொல்லட்டும். அழுவான். அப்பாவின் நெஞ்சில் அழும் பிள்ளை தனியாக அழும் பிள்ளை அல்ல. அரை மணி அழவிட்டு, மனது கேட்காமல் நீங்கள் உள்ளே ஓடி வந்தால், அரை மணி அழுதால் அம்மா வருவாள் என்பதை நீங்களே கற்றுக்கொடுத்தது ஆகும். ஒரு வாரம் பத்து நாளில் படிந்துவிடும். உடம்பு சரியில்லாத நாளில் மட்டும் இதைத் தொடங்காதீர்கள்.

அப்பா தூங்க வைக்கத் தொடங்கியதுமே படுக்கையையும் பிரித்துவிடலாம். அதே அறையில், தரையில் ஒரு மெத்தை போதும். பிறந்த குழந்தையும் 2 வயதுப் பிள்ளையும் ஒரே படுக்கையில் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவே கூடாது. தூக்கத்தில் அவன் கையோ போர்வையோ சிசுவின் மூச்சை அடைத்துவிடும். சிசுவுக்குத் தனிப் படுக்கை, கெட்டியான தட்டையான மெத்தை, மல்லாக்கப் படுக்க வைப்பது, தலையணை இல்லை. நீங்கள் மட்டும் மல்லாக்க வேண்டாம். 28 வாரத்துக்குப் பின் இடமோ வலமோ ஒருக்களித்தே தூங்கத் தொடங்குங்கள். நடுவில் விழித்து மல்லாந்து கிடந்தால் பதறாமல் திரும்பிப் படுங்கள். அவன் மெத்தைக்குப் போகும்வரை உங்கள் வயிற்றுக்கும் அவன் காலுக்கும் நடுவே ஒரு நீளத் தலையணை.

டயப்பரை விடுங்கள். அதாவது, விட வைக்கும் வேலையை விடுங்கள். 2 மணி நேரம் ஈரமில்லாமல் இருக்கிறான், வருவதைச் சொல்கிறான் என்றால் இரண்டு வாரம் முயன்று பாருங்கள். இல்லையென்றால் பாப்பாவுக்கு 3 மாதம் ஆனபின் பார்த்துக்கொள்ளலாம். இப்போது பழகினாலும் பிரசவத்துக்குப் பின் பலர் மறுபடி நனைப்பார்கள். திட்டுவதால் நீளுமே தவிரக் குறையாது.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் என் கணக்கில் இதுதான் முதல் வேலை. உங்கள் இரும்புச்சத்து மாத்திரை எங்கே இருக்கிறது? தலைமாட்டிலா, சாப்பாட்டு மேசையிலா? கர்ப்பிணி இருக்கும் வீட்டில் சின்னப் பிள்ளைக்குப் பெரிய விஷங்களில் ஒன்று அது. பல மாத்திரைகள் சிவப்பாகவும் இனிப்புப் பூச்சோடும் மிட்டாய் மாதிரியே இருக்கும். உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் இரும்பு உள்ளே போனாலே நஞ்சின் அறிகுறிகள் தொடங்கலாம். 60 தாண்டினால் உயிருக்கு ஆபத்து. 60 மில்லிகிராம் மாத்திரை என்று வைத்தால், 12 கிலோ பிள்ளைக்கு 4 மாத்திரையே முதல் எல்லை, 12 மாத்திரை இரண்டாவது. ஓர் அட்டையில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். இதில் ஏமாற்றும் கட்டம் ஒன்று உண்டு. முதலில் வாந்தி, பேதி. சில மணி நேரத்தில் நின்று பிள்ளை தேறிவிட்டது போலத் தெரியும். அதற்குப் பின்தான் ஈரலும் இரத்த ஓட்டமும் கெடலாம். ஆகவே விழுங்கியிருப்பான் என்ற சந்தேகமே போதும், வாந்தி எடுக்க வைக்காமல், அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். மாத்திரைக்கு இடம் பூட்டிய அலமாரி. அவன் முன்னால் விழுங்கவும் வேண்டாம்.

இன்னொன்று சுருக்கமாக. அவன் எச்சில் கரண்டி, அவன் மிச்சம் வைத்த சாப்பாடு, இவற்றை நீங்கள் சாப்பிடாதீர்கள். டயப்பர் மாற்றியதும் மூக்குத் துடைத்ததும் சோப்புப் போட்டு 20 நொடி கை கழுவுங்கள். முத்தம் உதட்டில் வேண்டாம், நெற்றியில் கொடுங்கள். சைட்டோமெகலோ வைரஸ் என்று ஒன்று சின்னப் பிள்ளைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும் மாதக்கணக்கில் இருக்கும். பிள்ளையை ஒன்றும் செய்யாது, கருவின் செவியைப் பாதிக்கலாம். அவனுடைய தடுப்பூசிகளை உங்கள் கர்ப்பத்தைக் காரணம் காட்டித் தள்ளிப்போட வேண்டாம்.

பிரசவ நாட்களுக்கு வருவோம். இரண்டாவது பிரசவம் பெரும்பாலும் முதலாவதைவிட வேகமாக நடக்கும். வலி ஒழுங்காக வரத் தொடங்கியதுமே மாமியாரைக் கூப்பிட்டுவிடுங்கள். அதற்கு முன்பே அவர் இரண்டு மூன்று தடவை வந்து தங்கி, அவனைத் தூங்க வைத்துப் பார்க்கட்டும். அப்பாவின் அதே பாட்டு, அதே வரிசை. ராத்திரியில் கிளம்ப நேரலாம் என்பதால் 37-ஆவது வாரத்திலிருந்து தினமும் படுக்கும்போது சொல்லி வையுங்கள்: "காலையில நீ எழுந்திருக்கும்போது பாட்டி இருந்தா, அம்மா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கேன்னு அர்த்தம். திரும்பி வந்துடுவேன்." அவன் விழித்திருந்தால் நழுவிப் போகாதீர்கள், சொல்லிவிட்டுப் போங்கள். அழட்டும். நீங்கள் படுத்த, துவைக்காத ஒரு போர்வையை அவனிடம் விட்டுப் போங்கள்.

"விளையாட தம்பியோ தங்கச்சியோ வரப்போகுது" என்று யாரும் சொல்ல வேண்டாம். வரப்போவது அழுவதும் தூங்குவதுமான ஒன்று, விளையாடாது. அவனுடைய சிசுப் படங்களைக் காட்டி "இப்படி இருக்கும்" என்பது நேர்மை. முதல் தடவை அவன் உள்ளே வரும்போது பாப்பா தொட்டிலில் இருக்கட்டும், உங்கள் கை காலியாக இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் சண்டை நடக்கும் நேரம் பாலூட்டும் நேரம். பிறந்த குழந்தை நாளைக்கு 8 முதல் 12 தடவை குடிக்கும். இரண்டு கையும் கட்டிப்போட்ட மாதிரி நீங்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத்தான் அவன் குழாயைத் திறப்பான். ஒரு கூடை தயார் செய்யுங்கள். தண்ணீர், ஒரு தின்பண்டம், படப் புத்தகம், ஒட்டி விளையாடும் ஸ்டிக்கர். அது பாலூட்டும்போது மட்டும் அலமாரியிலிருந்து இறங்க வேண்டும், முடிந்ததும் ஏறிவிட வேண்டும். நாள் முழுக்க கீழே கிடந்தால் இரண்டே நாளில் மதிப்பு போய்விடும். ஒரு நாளில் சில தடவை அவன் காதில் விழும்படி சின்னதிடம் சொல்லுங்கள்: "கொஞ்சம் இரு பாப்பா, அண்ணன் ஏதோ கேக்கிறான்." சின்னதற்கு ஒன்றும் புரியாது. அடிக்க ஓங்கினால் கையைப் பிடித்து "அடிக்க விடமாட்டேன்" என்பதோடு நிறுத்துங்கள், பிரசங்கம் வேண்டாம்.

மடிக்கு வருகிறேன். 32 வாரத்துக்கு மேல் முன்மடி இருக்காது, ஆனால் தொடை இருக்கும். முதுகைச் சுவரில் சாய்த்து, காலை அகட்டி நீட்டி உட்காருங்கள். அவனை ஒரு தொடையின்மேல் பக்கவாட்டில் உட்கார வைத்து, அவன் தலை உங்கள் தோளில் சாயும்படி பிடித்துக்கொள்ளுங்கள். வயிற்றுக்கும் அவன் முட்டிக்கும் இடையில் ஒரு சின்னத் தலையணை. நாளைக்கே இரண்டு தொடையிலும் மாற்றி மாற்றி உட்கார வைத்துப் பழக்குங்கள். தையல் போட்டால் எந்தப் பக்கம் வலிக்கும் என்று இப்போதே தெரியாதல்லவா.