பையன் அடிக்கிறான், உணர்ச்சி அட்டைப் பெட்டி வாங்கலாமா?

கேள்வி: கேரளத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்வழி எல்.பி. (தொடக்கப்) பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். 22 பிள்ளைகள். ஒரு பையன் கோபம் வந்தால் பக்கத்தில் இருப்பவனை அடித்துவிடுகிறான். கதை, ஓவியம் மூலம் மாற்றலாம் என்கிறார்கள். ஆனால் படம் வரையச் சொன்னால் எல்லோரும் மலை, சூரியன், வீடு என்றே வரைகிறார்கள். ஒரு ஏஜென்ட் உணர்ச்சி அட்டைப் பெட்டியும், பிள்ளைகளின் படத்தைப் பார்த்து மனநிலை சொல்லும் அறிக்கையும் சேர்த்து 6,500 ரூபாய் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள் டீச்சர். கறுப்பு கிரேயான் எடுத்தால் மனச்சோர்வு, பல் பெரிதாக வரைந்தால் மூர்க்கம் என்று எழுதித் தருகிற அறிக்கை வெறும் ஜோசியம். ஒரு படத்தை, ஒரு நிறத்தை மட்டும் வைத்துப் பிள்ளையின் மனதைச் சொல்ல யாராலும் முடியாது. மற்ற கலரெல்லாம் பக்கத்துப் பிள்ளை கையில் இருந்தால், மிச்சமிருக்கும் கறுப்பைத்தான் எடுப்பான். அந்த அறிக்கை ஒருமுறை பள்ளிக்குள் வந்துவிட்டால், பையனுக்கு ஒட்டிய பெயர் நாலாம் வகுப்பு வரை போகும். அட்டைகளும் அப்படித்தான்: ‘விரக்தி’ என்று அச்சடித்திருப்பார்கள், எந்த ஏழு வயசுப் பிள்ளையும் அப்படிப் பேசாது.

உங்கள் பிள்ளைகள் என்ன சொல் சொல்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம். “எனக்கு விஷமமா இருக்கு” என்று ஒரு பிள்ளை சொன்னால் அது மலையாள விஷமம், அதாவது வருத்தம். நம் காதில் குறும்பு என்று விழுகிறது, அதட்டிவிடுகிறோம். ‘சங்கடம்’ என்றாலும் அங்கே துக்கம்தான். கோபத்துக்கு ‘தேஷ்யம்’, பயத்துக்கு ‘பேடி’. ஒரு வாரம் காதில் விழுந்த சொற்களைக் குறித்து, இரண்டு மொழிச் சொல்லையும் ஒரே சார்ட்டில் எழுதி ஒட்டுங்கள். ஆறேழு சொல் போதும்.

அடுத்து புத்தகம். பக்கத்துக்கு ஓரிரு வரி, முகம் பெரிதாகத் தெரியும் படம், பதினாறு பக்கத்துக்குள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ், மலையாளம் இரண்டிலும் இலவசமாக எடுக்கலாம். ஒரே புத்தகத்தை வாரத்தில் மூன்று நாள் வாசியுங்கள். முதல் நாள் நிறுத்தாமல். இரண்டாம் நாள் ஒரே ஒரு இடத்தில் நிறுத்தி, “இப்ப இவனுக்கு உடம்புல எங்க என்ன பண்ணும்?” என்று கேளுங்கள். “கோபமா இருக்கானா?” என்று கேட்டால் வகுப்பே ஆமாம் போடும், பேச்சு அத்தோடு முடியும். காது சூடாகும், கை இறுகும் என்று அவர்கள் வாயிலிருந்து வரட்டும். மூன்றாம் நாள் படம். ‘இதிலிருந்து என்ன கற்றோம்’ என்ற கேள்வி மூன்று நாளும் வேண்டாம். கேட்டால் உங்களுக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்வார்கள்.

முக்கியமான ஒன்று: பையன் கோபத்தில் இருக்கும்போது புத்தகத்தை நீட்டாதீர்கள். அப்போது எதுவும் உள்ளே போகாது. முதலில் தள்ளி உட்காரவைத்துத் தணியவிடுங்கள். கதை அமைதியான நேரத்துக்கு.

மலை, சூரியன் வருவது ஏ4 தாளும் கூர்ப் பென்சிலும் கொடுப்பதால். பழைய காலண்டரின் பின்பக்கத்தைத் தரையில் போடுங்கள். மெழுகு கிரேயானின் காகிதத்தை உரித்து, மூன்று சென்டிமீட்டர் துண்டாக உடைத்து, படுக்கவைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். “கோபத்தை வரை” என்றால் முகம் வரைவார்கள். “கை இறுகினது எப்படி இருந்துச்சோ அப்படித் தேய்” என்றால் தேய்ப்பார்கள்.

அடிக்கிற பையனுக்கு மாவு நல்லது. இரண்டு கப் மைதா, ஒரு கப் உப்பு, ஒரு ஸ்பூன் எண்ணெய். ஒரு கப் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசையுங்கள். ஜூன், ஜூலையில் உப்பு ஈரத்தை இழுத்து மாவு பிசுபிசுக்கும். மைதா கூட்டி, மூடிய டப்பாவில் வையுங்கள். கையில் புண் இருந்தால் எரியும், பார்த்துக் கொடுங்கள். மாவைக் குத்திக் கோபத்தைக் கொட்டட்டும் என்று மட்டும் விடாதீர்கள். குத்தினால் கோபம் வளரும், தணியாது. மெதுவாக உருட்டி, நீட்டி, கிள்ளச் சொல்லுங்கள்.

புத்தகம் உங்கள் பள்ளி அலமாரியிலேயே இருக்கும், பூட்டியிருக்கும். ஒன்று குறைந்தால் ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஆசிரியர் பதில் சொல்ல வேண்டுமே. ஜூன் 19 வாசிப்பு தினத்துக்குப் பேனர் கட்டுகிறவர்கள், கிழிந்த புத்தகத்தைக் கழிக்க ஒரு எளிய வழி செய்து தரக் கூடாதா? படிக்கிற புத்தகம் கிழியத்தான் செய்யும்.

படத்தைப் படித்து முடிவு கட்டாதீர்கள் என்றேன். இதற்கு ஒரு விலக்கு உண்டு, அதைத் தெளிவாகப் பிரித்துப் பாருங்கள். படம் வரைந்துகொண்டே பிள்ளை வாயால் ஏதாவது சொன்னால், யாரோ தொட்டார்கள், யாரோ மிரட்டினார்கள் என்று சொன்னால், அது வேறு. படம் மட்டும் இருந்தால் “இதுல என்ன நடக்குது?” என்று ஒரு தடவை கேளுங்கள், அதோடு சரி. பேச்சு வந்தால் குறுக்கே கேட்காதீர்கள், திரும்பத் திரும்பச் சொல்லவைக்காதீர்கள், மற்ற பிள்ளைகள் எதிரில் வேண்டவே வேண்டாம். “யாரிடமும் சொல்லமாட்டேன்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பிள்ளை சொன்ன சொல்லை அப்படியே, மலையாளமானால் மலையாளத்திலேயே, தேதி நேரத்தோடு எழுதிவையுங்கள். தலைமையாசிரியரிடம் சொன்னதோடு உங்கள் கடமை முடியாது. பாலியல் குற்றம் என்று தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது 2012-ம் ஆண்டு போக்சோ சட்டம். தெரிவிக்காமல் இருப்பதும் குற்றம். ‘பள்ளிப் பெயர் கெடும்’ என்று யார் தடுத்தாலும் கேட்காதீர்கள். உதவிக்குக் குழந்தைகள் உதவி எண் 1098.

மற்றபடி ஆறு வாரம் செய்து பாருங்கள். எத்தனை தடவை அடித்தான், எந்தப் பீரியடில், அதற்கு முன் என்ன நடந்தது என்று நோட்டில் ஒரு வரி குறியுங்கள். குறையவே இல்லை என்றால் அந்த நோட்டோடு பி.ஆர்.சி. (வட்டார வள மையம்) சிறப்பாசிரியரைப் பாருங்கள்.