டியூப் மானிட்டரில் எத்தனை புள்ளி, எத்தனை ஹெர்ட்ஸ்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் கணினியில் விண்டோஸ் எக்ஸ்பி, 17 அங்குல டியூப் மானிட்டர். மானிட்டருடன் வந்த குறிப்பேட்டில் 1280 × 1024 என்று போட்டிருப்பதால் அந்த அளவிலேயே வைத்திருக்கிறோம். எழுத்து பொடியாகத் தெரிகிறது; மதியத்துக்குள் கண் எரிந்து தலை வலிக்கிறது. 1024-க்குக் குறைத்தால் மானிட்டரின் திறனை வீணாக்கியது போல ஆகாதா? எத்தனை ஹெர்ட்ஸ் வைப்பது நல்லது? – ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: வீணாகாது. 1024 × 768, 85 ஹெர்ட்ஸ் (அதாவது குறுக்கே 1024, நெடுக்கே 768 புள்ளிகள்; நொடிக்கு 85 முறை படம்) என்று இன்றைக்கே மாற்றிவிடுங்கள். குறிப்பேட்டில் இருக்கும் அந்தப் பெரிய எண், மானிட்டர் எட்டக்கூடிய கடைசி எல்லையே தவிர, நாள் முழுவதும் அமர்ந்து வேலை பார்ப்பதற்குரிய அளவு அல்ல. முதலில் ஹெர்ட்ஸை முடிவு செய்துகொண்டு, அந்த ஹெர்ட்ஸில் மானிட்டர் தாங்குகிற புள்ளி எண்ணிக்கையைத் தேர்ந்தெடுப்பதே சரியான வரிசை. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டுக் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

படக்குழாயினுள் எலக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாகக் கோடு கோடாக ஓடி, மேலிருந்து கீழ்வரை ஒரு முழுப் படத்தை வரைகிறது. கற்றை பட்ட இடத்தில் பாஸ்பர் பூச்சு ஒளிர்ந்து, அடுத்த முறை கற்றை வருவதற்குள் மங்கிவிடுகிறது. ஆகவே நாம் பார்ப்பது நிலையான படமன்று. அணைந்து அணைந்து எரியும் படம். அது ஒரு நொடியில் எத்தனை முறை வரையப்படுகிறது என்பதே ரெஃப்ரெஷ் ரேட். அறுபது முறை வரையும்போது, நேராகப் பார்க்கிற கண்ணுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஓரக்கண் அதைவிடக் கூர்மையானது, அது துடிப்பைக் கண்டுகொள்ளும். வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திரை நிறையத் திறந்து வைத்து, மானிட்டருக்கு இரண்டு சாண் தள்ளிச் சுவரைப் பாருங்கள். 60 ஹெர்ட்ஸில் திரை படபடப்பது ஓரத்தில் தெரியும். 75-இல் பலருக்கு அது நின்றுவிடும், 85-இல் ஏறக்குறைய எல்லோருக்கும் நின்றுவிடும். டி.சி.ஓ. 99 என்னும் சுவீடன் நாட்டுத் தரமுத்திரை குறைந்தது 85 ஹெர்ட்ஸ் வேண்டும் என்று கேட்டதும் இதனால்தான். திரை பளிச்சென்று இருக்க இருக்கத் துடிப்பு கூடுதலாகத் தெரியும் என்பதால், மூடுபனி நாட்களில் அறை இருட்டியிருக்கும்போது பிரைட்னஸையும் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். மானிட்டரின் குறிப்பேட்டில் கிலோஹெர்ட்ஸில் ஓர் எண் இருக்கும்; 17 அங்குல மானிட்டர்கள் பலவற்றில் அது 30 முதல் 70 வரை. ஒரு நொடியில் எத்தனை ஆயிரம் கோடுகளை அது வரைய முடியும் என்பதைச் சொல்லும் எண் அது. 768 வரிகளைக் காட்ட, கற்றை கீழிருந்து மேலே திரும்புகிற நேரத்தையும் சேர்த்தால் 808 கோடுகளுக்கான நேரம் பிடிக்கிறது. அதை 85-ஆல் பெருக்கினால் 68.7 கிலோஹெர்ட்ஸ், 70-க்குள் அடங்கிவிட்டது. 1280 × 1024 என்றாலோ மொத்தம் 1066 கோடுகள். 60 ஹெர்ட்ஸுக்கே 64 கிலோஹெர்ட்ஸ் ஆகிவிடுகிறது. 75 ஹெர்ட்ஸுக்கு 80 வேண்டும், அது இந்த மானிட்டரால் ஆகாது. அதாவது அந்தப் பெரிய எண்ணைப் பிடித்துக்கொண்ட பாவத்துக்காகவே நீங்கள் 60 ஹெர்ட்ஸில் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் நடுவில் 1152 × 864 என்று ஓர் அளவு இருக்கிறது. 75 ஹெர்ட்ஸில் அது 67.5 கிலோஹெர்ட்ஸ் கேட்கும். அகலமான கணக்குத் தாள்களைத் திறந்து வைப்பவர்கள், 75 தங்கள் கண்ணுக்கு ஒத்துவந்தால், அதைப் பயன்படுத்தலாம்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. 17 அங்குலம் என்று விற்கப்பட்ட குழாயில் கண்ணுக்குத் தெரியும் பகுதி சுமார் 16 அங்குலம். அதன் அகலம் ஏறக்குறைய 325 மில்லிமீட்டர். நிறப்புள்ளி இடைவெளி (ஒரே நிறப் புள்ளிகள் இரண்டுக்கு நடுவே சாய்வாக அளந்த தூரம்) 0.27 மில்லிமீட்டர் என்றால், கிடைமட்டமாக அது 0.23 அளவில் வரும். அகலம் முழுவதும் 1,400-க்குச் சற்றுக் குறைவான நிறப்புள்ளித் தொகுதிகளே இருக்கும். அதில் 1280 பிக்சல்களைத் திணித்தால், பிக்சலுக்கு ஒரு தொகுதி என்று மூச்சு முட்டும். இதை ஒரு தமிழ் வரியை வைத்தே சோதித்துப் பார்த்துவிடலாம். சிறிய அளவில் ‘ஞ’, ‘ணை’, ‘க்’ ஆகியவற்றைத் தட்டிவிட்டு, முகத்தைத் திரைக்கு அருகில் கொண்டுபோங்கள். ‘ணை’யின் சுழிகள் திறந்திருக்கின்றனவா, ‘க்’கின் மேலுள்ள புள்ளி எழுத்தோடு ஒட்டாமல் தனியே நிற்கிறதா என்று கவனியுங்கள். சுழி அடைபட்டுப் புள்ளி கரைந்திருந்தால், அந்தக் குழாய்க்கு அந்த அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள். தவிரவும், குழாயின் அகலமும் உயரமும் 4:3. 1280 × 1024 என்பதோ 5:4. அதைத் திரை நிறைய இழுக்கும்போது வட்டம் பக்கவாட்டில் பருத்துப்போகிறது. 1280 வேண்டுமென்றே ஆக வேண்டுமானால் 1280 × 960-தான் விகிதம் கெடாத அளவு.

85 போதும் என்றால் 100 இன்னும் நல்லதல்லவா என்று கேட்பீர்கள். மானிட்டர் ஏற்றுக்கொண்டாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஹெர்ட்ஸ் ஏற ஏற, கேபிளும் மானிட்டரின் உள்சுற்றும் அதே படத்தை அதிக வேகத்தில் கடத்த வேண்டியிருப்பதால், எழுத்தின் விளிம்பு மழுங்கும். கேபிள் மட்டமாக இருந்தால் எழுத்துக்கு வலப்பக்கம் நிழல் விழும். துடிப்பு நின்ற இடத்தில் நிறுத்திக்கொள்வதே நல்லது.

மாற்றும் முறை: டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு, மானிட்டர். மானிட்டரால் காட்ட முடியாத அளவுகளை மறைக்கும் டிக்கை மட்டும் எடுத்துவிடாதீர்கள். தவறான அளவைக் கொடுத்துத் திரை கறுத்துப்போனால் பதற வேண்டாம். எதையும் தொடாமல் 15 நொடி காத்திருந்தால் பழைய அளவுக்குத் தானே திரும்பிவிடும். பட்டியலில் 85-ஐயே காணோம் என்றால் கேபிளின் முனையைக் கழற்றிப் பாருங்கள். அதிலுள்ள 15 ஊசிகளில் 12-ஆவதும் 15-ஆவதும்தான் மானிட்டர் தன்னை இன்னதென்று கணினிக்குச் சொல்லும் வழி. அவை ஒடிந்திருந்தால் கணினிக்கு ஆள் அடையாளம் தெரியாது. அளவை மாற்றியபின் படம் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். மானிட்டரின் முன்பக்கப் பட்டன்களால் நடுவில் கொண்டுவந்துவிட்டால், அந்த அளவுக்குரிய அமைப்பாக அதை மானிட்டரே நினைவில் வைத்துக்கொள்ளும்.

உங்கள் பச்சைத் தேயிலைக் கொள்முதல் கணக்கு இன்னும் முழுத்திரை டாஸ் நிரலில் ஓடுகிறதென்றால், அந்தத் திரை மட்டும் இந்த மாற்றத்துக்குக் கட்டுப்படாது. அது 720 × 400, 70 ஹெர்ட்ஸ் என்று தனக்கென வைத்திருக்கும் கணக்கில் ஓடும். கறுப்புப் பின்னணி என்பதால் அங்கே துடிப்பு அவ்வளவாக உறுத்தாது.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது, சில ஆண்டுகளுக்கு முன் இதே மலையில் ஓர் அலுவலகத்துக்குப் போனது நினைவுக்கு வந்தது. மூன்று மேசை, மூன்று மானிட்டர், மூன்றும் 60 ஹெர்ட்ஸ்; மேசை இழுப்பறையில் நீலகிரித் தைலப் புட்டி. அவர்கள் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு வேலை பார்த்தார்களே தவிர, திரையைச் சந்தேகிக்க வேண்டும் என்று அவர்களிடம் யாருமே சொல்லியிருக்கவில்லை. மாற்றி வைக்க மேசைக்கு இரண்டு நிமிடம் ஆயிற்று. மாற்றிய பிறகும் தலைவலி விடவில்லை என்றால் தாமதிக்காமல் கண் மருத்துவரைப் பாருங்கள். எல்லா வலிக்கும் மானிட்டரே காரணமாக இருக்காது.

கேள்வி: உதகையில் சிறிய டி.டி.பி. கடை நடத்துகிறேன். மாலையில் வோல்டேஜ் குறைவதால் மேசைமேல், மானிட்டர் பக்கத்திலேயே ஸ்டெபிலைசர் வைத்திருக்கிறேன். படம் தண்ணீரில் தெரிவது போல நெளிகிறது. ரெசல்யூஷனைக் குறைத்தும் பயனில்லை. – ஒரு வாசகர், உதகமண்டலம்

பதில்: புள்ளி எண்ணிக்கைக்கும் இந்த நெளிவுக்கும் தொடர்பில்லை. ஸ்டெபிலைசருக்குள் இருக்கும் டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாகத் திசை மாறி, எலக்ட்ரான் கற்றையை இழுக்கிறது. 60 ஹெர்ட்ஸில் படம் வரையும்போது இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 10 என்ற வேகத்தில் படம் ஆடும். 85-க்கு மாற்றினால் ஆட்டம் நொடிக்கு 35 முறையாகிப் பொடி நடுக்கமாகத் தெரியும். ஹெர்ட்ஸை மாற்றும்போது ஆட்டத்தின் வேகமும் மாறினால், கோளாறு மானிட்டருக்கு வெளியே இருக்கிறது என்று அநேகமாக உறுதி செய்துகொள்ளலாம். ஸ்டெபிலைசரை மேசையிலிருந்து இறக்கி மூன்று, நான்கு அடி தள்ளி வையுங்கள். தூரம் கூடக் கூட அந்தப் புலம் மிக விரைவாகத் தேய்ந்துவிடும். மானிட்டரின் பின்பக்க லேபிளையும் படித்துப் பாருங்கள். 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால், குறைந்த வோல்டேஜுக்காக மானிட்டருக்கு ஸ்டெபிலைசரே தேவையில்லை.

கேள்வி: வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு வீடு மாறினோம். மானிட்டரின் மேல் மூலையில் பச்சைக் கறை. மலையில் காந்தப்புலம் வேறு என்கிறார் நண்பர். அளவை மாற்றினால் போகுமா? – ஒரு வாசகர், கொடைக்கானல்

பதில்: அளவை மாற்றினால் போகாது. நண்பர் சொல்வதும் சரியன்று. மலையின் மேலும் கீழும் பூமியின் காந்தப்புலத்தில் மானிட்டர் உணரும் அளவுக்கு மாற்றம் கிடையாது. வீடு மாறியதில் மானிட்டர் பார்க்கும் திசை மாறியிருக்கலாம், இரும்பு பீரோ அருகில் வந்திருக்கலாம், அல்லது ஒலிபெருக்கியின் காந்தம் பக்கத்தில் இருந்திருக்கலாம். அவற்றைத் தள்ளிவிட்டு, மெனுவில் உள்ள டீகாஸ் (திரையில் ஏறிய காந்தத்தைப் போக்கும்) பட்டனை ஒருமுறை அழுத்துங்கள். ‘டொய்ங்’ என்று ஓசை எழுந்து, படம் ஒரு குலுங்கு குலுங்கி நிற்கும். கறை மிச்சம் இருந்தால் அரைமணி நேரம் கழித்து மறுபடி அழுத்துங்கள்; அடுத்தடுத்து அழுத்துவதால் பயனில்லை. எழுத்துத் தெளிவைச் சோதித்து அளவை முடிவு செய்வதெல்லாம் கறை போன பிறகு செய்ய வேண்டிய வேலை.

இன்னொன்று. பனியில் நனைந்த மானிட்டரை வீட்டுக்குள் கொண்டுவந்தவுடன் போடாதீர்கள். சில மணி நேரம் அறையிலேயே காயட்டும். உள்ளே ஏறக்குறைய 25,000 வோல்ட் ஓடுகிறது. ஈரத்தில் அது சீறும் ஓசை கேட்டால் உடனே அணைத்துவிடுங்கள். அணைத்த பிறகும் மின்னேற்றம் தங்கியிருக்கும் என்பதால் பின்மூடியை நீங்களாகத் திறக்கவே கூடாது.

கேள்வி: என்னுடையது தட்டையான எல்.சி.டி. மானிட்டர். அதையும் 85 ஹெர்ட்ஸில் வைக்கலாமா? – ஒரு வாசகர், குன்னூர்

பதில்: வேண்டாம். எல்.சி.டி. திரை டியூபைப் போல அணைந்து அணைந்து எரிந்து படம் காட்டுவதில்லை. குறிப்பேட்டில் அதன் இயல்பான அளவு எதுவென்று பார்த்து அதையே வையுங்கள். சாதாரண அலுவலக மானிட்டர் என்றால் 60 ஹெர்ட்ஸ் போதும்.