வசந்தத்தில் பூங்காப் பறவைகள்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: ஊர் நடுவே மரங்கள் அடர்ந்த பூங்காவுக்குப் போன ஞாயிறு மதியம் போனேன். புறாக்களைத் தவிர எதுவும் இல்லை. எப்போது போக வேண்டும்?

பதில்: விடிந்ததும் முதல் மூன்று மணி நேரம்தான் சிறந்தது. ஆனால் நேரத்தைவிட நாளைத் தேர்ந்தெடுப்பது முக்கியம். வடக்கு நாடுகளில் ஏப்ரல் கடைசியிலிருந்து மே பாதி வரை வலசை, அதாவது பறவைகள் பருவத்துக்கேற்ப இடம்பெயர்வது, மும்முரமாக இருக்கும். சின்னஞ்சிறு பறவைகளில் பெரும்பாலானவை இரவில்தான் பறக்கும். அப்போது காற்று குளிர்ந்து அமைதியாக இருக்கும், வேட்டைப் பறவைகளின் பயமும் குறைவு. முந்தின இரவு தெற்கிலிருந்து காற்று வீசினால் அது அவற்றைப் பின்னாலிருந்து தள்ளிவிடும், ஏராளமாகக் கிளம்பும். நள்ளிரவுக்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டால் பாதி வழியிலேயே இறங்கிவிடும். பொழுது விடியும்போது சுற்றிலும் கட்டடம், நடுவில் ஒரு பச்சைத் திட்டு. எல்லாம் அங்கேதான் வந்து குவியும். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் 200க்கும் மேற்பட்ட இனங்கள் பதிவானதற்கு இது ஒரு பெரிய காரணம். ஆகவே படுக்கப் போகும் முன் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துவிட்டு அலாரம் வையுங்கள்.

கேள்வி: பூங்கா பெரியது. எங்கே நிற்பது?

பதில்: சுற்றாதீர்கள். பூவும் தளிரும் விட்ட ஓக் மரம் ஒன்றைக் கண்டுபிடித்து அதனடியில் இருபது நிமிடம் நில்லுங்கள். தளிரில் கம்பளிப்புழு இருக்கும். இரவெல்லாம் பறந்து களைத்த பறவைக்கு அதுதான் முதல் சாப்பாடு. அடுத்தது, ஆழமில்லாத நீரோடை. குளிக்க வரும் பறவை கண் மட்டத்தில் கிடைக்கும். மேடு இருந்தால் அதில் ஏறிப் பள்ளத்து மரங்களின் உச்சியை நேராகப் பாருங்கள், கழுத்தும் வலிக்காது.

கேள்வி: பைனாகுலர் 8x42 வாங்கவா, 10x42 வாங்கவா?

பதில்: 8x42. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். கிளைக்குக் கிளை தாவும் குருவியைப் பிடிக்க அகலமான பார்வை வேண்டும். பத்து மடங்கில் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும்.

கேள்வி: இலை மறைவில் பறவை தெரியவில்லை. போனில் அதன் பாட்டைப் போட்டால் வெளியே வருகிறது. தவறா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். எதிரி வந்துவிட்டதென்று நினைத்துத்தான் அது வருகிறது. இரை தேட வேண்டிய நேரத்தைச் சண்டைக்குச் செலவழிக்கிறது. பலர் வந்துபோகும் பூங்காவில் ஒரே பறவைக்கு ஒரே நாளில் இது பத்துத் தடவை நடக்கலாம். மறைவில் இருந்தால் காத்திருங்கள். எனக்கு மிகப் பிடித்த காட்சிகள் எல்லாம் காத்திருந்து கிடைத்தவைதான்.

கேள்வி: பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் செயலியை நம்பலாமா?

பதில்: எந்தப் பறவையைத் தேடலாம் என்று காட்ட அது நல்ல துணை. ஆனால் பிற பறவைகளைப் போலக் குரல் கொடுக்கும் பறவையிடம் அதுவும் ஏமாறும். அது சொன்ன பெயரை உங்கள் கண்ணும் ஒப்புக்கொண்ட பிறகு பட்டியலில் எழுதுங்கள். அப்புறம், வாரத்துக்கு ஒரு பாட்டை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். இலைகள் முழுதாக விரிந்த பிறகு காதுதான் கை கொடுக்கும்.

கேள்வி: பூங்காவை ஒட்டிய கட்டடத்தின் கண்ணாடியில் மோதி ஒரு குருவி கீழே கிடந்தது. என்ன செய்திருக்க வேண்டும்?

பதில்: காற்றுத் துளையுள்ள அட்டைப் பெட்டியில் மெதுவாக வைத்து மூடி, இருட்டான, சத்தமில்லாத இடத்தில் விடுங்கள். தண்ணீரோ தீனியோ ஊட்டக் கூடாது. அடிக்கடி திறந்தும் பார்க்காதீர்கள். இதற்கிடையே காட்டுயிர்களுக்குச் சிகிச்சை தரும் இடத்தைக் கேட்டு அங்கே சேர்த்துவிடுவது நல்லது, வெளியே தெரியாத காயம் இருக்கக்கூடும். அந்தக் கட்டடத்தில் உங்கள் பேச்சு எடுபடுமானால், கண்ணாடியின் வெளிப்புறத்தில் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியில் புள்ளிகள் ஒட்டச் சொல்லுங்கள். வலசை நாட்களில் இரவு விளக்குகளையும் அணைக்கச் சொல்லுங்கள். அந்த வெளிச்சம்தான் பல பறவைகளைத் திசைமாற்றி அங்கே இழுத்து வருகிறது.