வானம் வெளிறிய துறைமுகப் படம்

கேள்வி: எங்கள் தாத்தா விட்டுச்சென்ற படங்களுள் பழைய போர்ட் லூயிஸ் துறைமுகக் காட்சி ஒன்று உள்ளது. அடியில் இடப்புறம் ஒரு பெயரும் வலப்புறம் வேறொரு பெயரும் பிரெஞ்சில் உள்ளன. படத்தைச் சுற்றித் தாள் சற்றே அமுங்கியிருக்கிறது. நண்பர் வீட்டில் உள்ள இதே படத்தில் வானம் தெளிவாக இருக்க, எங்களுடையது வெளிறிக் கிடக்கிறது. இது போலியா?
– வாசகி, ரோஸ் ஹில்

பதில்: அவசரப்பட்டுப் போலி என்று முடிவு கட்ட வேண்டாம். தாளில் அமுங்கிய அந்தச் சதுரத் தடம், படத்தைச் செதுக்கி அச்சிட்ட உலோகத் தகட்டின் விளிம்பு பதிந்ததாகும். வழக்கப்படி இடப்புறப் பெயர் வரைந்தவருடையது, வலப்புறப் பெயர் செதுக்கியவருடையது. வரைந்தவர் நம் மொரீஷியஸ் தீவுக்கு வந்திருக்கலாம். செதுக்கியவரோ பெரும்பாலும் ஐரோப்பாவில் தம் மேசையை விட்டு நகராமல், தாம் காணாத மலையை இடம் வலமாக மாற்றிச் செம்பில் வெட்டியவர்.

அவருடைய கைத்திறனை வானத்தில்தான் பார்க்க வேண்டும். மரமும் கப்பலும் சிறு பிசகை மறைத்துவிடும். வெறும் வானத்தில் நெருங்கி ஓடும் கோடுகளில் ஒன்று தடித்தாலும் கண்ணை உறுத்தும். மணல் நிரப்பிய தோல் மெத்தையில் தகட்டை வைத்து, கூரிய உளியை வலக்கையால் முன்னே தள்ளுவார்கள். வளைவு வரும் இடத்தில் இடக்கை தகட்டையே சுழற்றிக் கொடுக்கும். எகிப்தைப் பற்றிய பெரும் பிரெஞ்சு நூலின் வானங்களுக்காகவே கோந்தே என்பவர் கோடிழுக்கும் பொறி ஒன்றைச் செய்தார் என்றால், அந்த வேலை எவ்வளவு பொறுமையைத் தின்றிருக்கும் என்று எண்ணிக்கொள்ளலாம்.

அச்சிடுபவர் தகட்டில் மையை அப்பி, மஸ்லின் துணியாலும் உள்ளங்கையாலும் வழித்துத் துடைத்து, வெட்டிய பள்ளங்களில் மட்டும் மை நிற்கும்படி செய்து, ஈரத் தாளைப் போர்த்தி உருளைகளுக்கிடையே அழுத்துவார். ஒவ்வொரு படிக்கும் இத்தனையும் மறுபடி செய்தாக வேண்டும். இவ்வாறு துடைத்தும் அழுத்தியும் செம்பு தேயத் தேய, மெல்லிய வானக் கோடுகளே முதலில் மங்கும். தங்கள் படம் அதே தகட்டில் பிந்தி அடித்ததாக இருக்கலாம்.

இதற்குச் சான்று நம் அஞ்சல்தலைகளிலேயே உண்டு. ஜோசப் ஆஸ்மண்ட் பார்னார்ட் 1848 வெளியீட்டுக்கு ஒவ்வொரு தகட்டிலும் 12 அஞ்சல்தலைகளைத் தனித்தனியே செதுக்கியதால், அந்தப் பன்னிரண்டும் ஒன்றுக்கொன்று சற்றே வேறுபடும். அதே தகடுகளைப் பல ஆண்டுகள் பயன்படுத்தியதால் கோடுகள் தேய்ந்தன. சேகரிப்போர் இன்றும் அந்தத் தேய்மானத்தைக் கொண்டே முந்தியது, பிந்தியது என்று தரம் பிரிக்கிறார்கள்.

பூதக்கண்ணாடியில் பாருங்கள்: உளியால் வெட்டிய கோடு நடுவில் தடித்து முனையில் கூராக முடியும், சீரான புள்ளிகள் தெரிந்தால் அது பிற்கால நகல். சட்டமிடக் கொடுக்கும்போது, தகட்டுத் தடத்துக்கு வெளியே உள்ள ஓரத்தை வெட்டவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.